கண்ணில் இல்லாத வெளிச்சம் மின்னுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழிமுறை

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இப்போது உங்களுக்கு இருந்தால், மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஒரு கண்ணில் புதிதாக மின்னல் வெட்டத் தொடங்கி, கூடவே கரும்புள்ளிகள் திடீரென்று கூட்டமாக மிதந்தால், அல்லது பார்வையின் ஓரத்திலிருந்து நிழலோ திரையோ உள்ளே ஏறி வந்தால், இன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். கண்ணிலோ தலையிலோ பலமாக அடிபட்ட பிறகு மின்னல் தொடர்ந்தாலும் அப்படித்தான். வெளிச்சத்தோடு முகம் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது சேர்ந்துகொண்டால் கண் மருத்துவரைத் தேட வேண்டாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பமாக இருப்பவருக்குத் தலைவலியோடு கண்ணில் மின்னினால் அதுவும் அவசரம்தான்.

இவை எதுவும் இல்லையா? சரி, நிதானமாகப் பார்க்கலாம்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

கண்ணின் உள்பக்கப் பின்சுவரில் ஒளியை உணரும் படலமான விழித்திரைக்கும் அதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புக்கும் தெரிந்த செய்தி ஒன்றுதான்: வெளிச்சம். ஒளி பட்டாலும், அழுத்தினாலும், இழுத்தாலும், மின்சாரம் பாய்ந்தாலும் அவை அனுப்புவது அதே செய்தி. ஜெர்மன் உடலியல் அறிஞர் யோஹானஸ் முல்லர் 1826-இல் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். அவருக்கு முன்பு, 1660-களில், ஐசக் நியூட்டன் ஒரு மொட்டை ஊசியைத் தன் கண்ணுக்கும் கண் குழி எலும்புக்கும் நடுவே செருகி அழுத்திப் பார்த்து, தெரிந்த வண்ண வளையங்களைக் குறிப்பேட்டில் வரைந்து வைத்திருக்கிறார். யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

ஆகவே இல்லாத வெளிச்சம் தெரிந்தால், பார்வைப் பாதையில் எங்கோ ஒரு இடம் ஒளி அல்லாத வேறு எதனாலோ தூண்டப்பட்டிருக்கிறது. அந்த இடம் கண்ணுக்குள் இருக்கலாம், தலையின் பின்பக்கத்தில் மூளையின் பார்வைப் பகுதியில் இருக்கலாம், இரண்டுக்கும் போகும் ரத்தத்தில் குறை இருக்கலாம். எந்த இடம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

யாராவது என்னிடம் "கண்ணில் மின்னுகிறது" என்று சொன்னால் மூன்று கேள்விகள் கேட்பேன். எத்தனை நேரம் நிற்கிறது? ஒரு கண்ணிலா, இரண்டிலுமா? என்ன செய்யும்போது வருகிறது?

இரண்டாவது கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வலது பக்கம் வெளிச்சம் தெரிந்தால் "வலது கண்ணில்" என்று சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் ஒவ்வொரு கண்ணும் இரண்டு பக்கத்தையும் பார்க்கிறது. மூளையின் இடது பின்பகுதியில் கோளாறு என்றால் இரண்டு கண்களின் பார்வையிலும் வலது பக்கம்தான் மின்னும். எனவே வெளிச்சம் இருக்கும்போதே ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண்ணை மூடினாலும் அதே இடத்தில் அதே வெளிச்சம் தெரிந்தால் மூளை பக்கம் சந்தேகம் போகிறது. திறந்திருப்பது இந்தக் கண்ணாக இருந்தால் மட்டும் தெரிகிறது, மற்றதில் இல்லவே இல்லை என்றால் அந்தக் கண்தான். சட்டென்று வந்து மறையும் மின்னலுக்கு இந்தச் சோதனை பயன்படாது. அப்போது நேரமும் சூழ்நிலையும்தான் துப்பு.

அறிகுறி: இருட்டில் கண்ணைத் திருப்பும்போது ஓரத்தில் வில்லாக ஒரு வெட்டு

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சொல்வதில் அதிகம் இதுதான். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் பார்க்கும்போது, காது பக்கத்து ஓரத்தில் செங்குத்தாகவோ வளைவாகவோ ஒரு வெள்ளைக் கீற்று வெட்டி மறையும். ஒரு நொடிகூட நிற்காது. கண்ணைத் திரும்ப அசைத்தால் திரும்ப வரும். பகலிலும் அது வரக்கூடும், சுற்றுப்புற வெளிச்சத்தில் எடுபடாமல் போகிறது, அவ்வளவுதான். லண்டன் கண் மருத்துவர் ஃபாஸ்டர் மூர் 1935-இல் இதை விவரித்ததால் மருத்துவர்கள் இன்றும் மூரின் மின்னல் கீற்றுகள் என்கிறார்கள்.

காரணம் கண்ணுக்குள் இருக்கும் கூழ். கண் பந்தின் உட்பகுதியில் ஏறத்தாழ 4 மில்லி லிட்டர் தெளிவான கூழ் நிரம்பியிருக்கிறது; அதை விட்ரியஸ் என்கிறார்கள். அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், மீதி மெல்லிய கொலாஜன் இழைகளும் ஹயலுரோனிக் அமிலமும். வயதாக ஆக இந்தக் கூழ் அங்கங்கே நீர்த்துப்போகிறது, இழைகள் சேர்ந்து திரிகின்றன, மொத்தமும் சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் அது விழித்திரையிலிருந்து பின்பக்கமாகக் கழன்று வருகிறது. ஈரம் ஏறிய சுவரொட்டி சுவரைவிட்டுப் பிரிவதை நினைத்துக்கொள்ளுங்கள்: பெரும்பகுதி சுலபமாகக் கழன்றுவிடும், பசை கெட்டியாக இருக்கும் இடங்கள் மட்டும் பிடித்து இழுக்கும். கண்ணில் அப்படிக் கெட்டியான இடங்கள் நான்கு: பார்வை நரம்பைச் சுற்றிய வட்டம், நடுப்பார்வைப் பகுதியான மாக்குலா, பெரிய ரத்தக் குழாய்களின் பாதை, கண்ணின் முன்னோரத்தில் இருக்கும் ஒரு வளையம். கண் திரும்பும்போது கூழ் ஆடுகிறது, ஒட்டியிருக்கும் இடத்தில் விழித்திரையைச் சுண்டுகிறது, விழித்திரை "வெளிச்சம்" என்று சொல்கிறது.

விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழ் என்பதால், மூக்குப் பக்கத்து விழித்திரை இழுபட்டால் வெளிச்சம் காது பக்கம் தெரியும். மேல் பகுதி இழுபட்டால் கீழே தெரியும்.

கூழ் கழல்வது நோயல்ல. நரை விழுவதைப் போல வயதின் நடைமுறை. கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கும், கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், கண்ணில் அடிபட்டவர்களுக்கும் முன்கூட்டியே நடக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் கூழ் முழுவதுமாகப் பிரிந்து மின்னல் குறைந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் எப்போதாவது வெட்டும். பார்வை நரம்பின் விளிம்பிலிருந்து கழன்ற வளையம் ஒன்று மிதக்கும் புள்ளியாகக் கண்முன் நீந்துவதும் உண்டு.

அப்படியென்றால் சும்மா இருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் நான் உறுதியாக "கூடாது" என்பேன். புதிதாக மின்னலோ புள்ளிகளோ தோன்றி, கூழ் கழன்றிருப்பது உறுதியானவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு விழித்திரையில் கிழிசல் இருக்கிறது. கிழியாத ஆறு பேருக்கும் கிழிந்த ஒருவருக்கும் மின்னல் ஒன்றுபோலத்தான் தெரியும். உணர்வை வைத்து வேறுபடுத்த வழியில்லை. வலியும் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் விழித்திரையில் வலி உணரும் நரம்பே கிடையாது. "வலி இல்லையே, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தால் பார்வை போனவர்கள் உண்டு. வலியில்லாமல் இருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

என்ன செய்வது: மின்னல் புதிது என்றால், புள்ளிகளோ நிழலோ இல்லாவிட்டாலும், ஓரிரு நாட்களுக்குள் கண்ணின் பாப்பாவை (கருவிழியின் நடுவில் ஒளி நுழையும் துளையை) சொட்டு மருந்தால் விரித்து விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பவர் பார்க்கும் சோதனை இதற்குப் போதாது. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்தாலும் ஓரத்தில் கிழிசல் இருக்கலாம். சொட்டு மருந்து விட்ட பிறகு நான்கு முதல் ஆறு மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள்.

எல்லாம் சரி என்று சொல்லி அனுப்பினால் கதை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கூழ் இன்னும் முழுதாகப் பிரியாமல் இருந்தால், அதற்குப் பிறகும் கிழியலாம். அதனால்தான் நான்கு முதல் ஆறு வாரங்களில் மறுபடி வரச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் புள்ளிகள் கூடினாலோ, மின்னலின் போக்கு மாறினாலோ, நிழல் தெரிந்தாலோ தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போகவேண்டும்.

அறிகுறி: மின்னலோடு புள்ளிகளின் கூட்டம், அல்லது ஓரத்தில் நிழல்

கரும்புள்ளிகள் திடீரென்று மழையாகக் கொட்டினால், புகை படிந்ததாகத் தெரிந்தால், கிழிசலில் ஒரு ரத்தக்குழாய் அறுந்து ரத்தம் கசிந்திருக்கலாம். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு விழித்திரையில் முளைக்கும் வலுவற்ற குழாய்கள் உடைந்தும் இப்படி ஆகும். இரண்டுமே அன்றைக்கே பார்க்க வேண்டியவை.

நிழல் என்றால் அடுத்த கட்டம். கிழிசலின் வழியே நீர்த்த கூழ் விழித்திரைக்குப் பின்னால் புகுந்து அதைப் பிய்த்துக்கொண்டு போகிறது. பிரிந்த பகுதி பார்க்காது. அது அசையாத நிழலாகத் தெரியும். மிதக்கும் புள்ளி கண்ணோடு நீந்தும். இந்த நிழல் எந்தப் பக்கம் பார்த்தாலும் பார்வையின் அதே ஓரத்தில் நிற்கும், மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ நடுவை நோக்கி வளரும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிரே ஒரு புள்ளியை உற்றுப் பார்த்து, மேலே கீழே இடது வலது நான்கு ஓரங்களிலும் விரலை ஆட்டிப் பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் விரல் காணாமல் போனால் கிளம்பிவிடுங்கள்.

இங்கே அவசரம் என்று கத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கிழிசலாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் அதைச் சுற்றி லேசரால் சுட்டு ஒட்டிவிடலாம், அல்லது உறைய வைத்து ஒட்டலாம். வெளி நோயாளியாக வந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். மின்னலோடு வந்த குதிரை லாட வடிவக் கிழிசலை அப்படியே விட்டால் பாதிக்குப் பாதி விழித்திரை விலகலில் முடிகிறது. லேசர் செய்தால் அந்த ஆபத்து நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. இவ்வளவு சிறிய சிகிச்சைக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைக்கும் இடம் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

விலகிவிட்டால் அறுவை சிகிச்சைதான். கூழை எடுத்துவிட்டு வாயுக் குமிழி வைப்பார்கள், அல்லது கண்ணுக்கு வெளியே பட்டை கட்டுவார்கள். மாக்குலா இன்னும் ஒட்டியிருக்கும்போதே செய்தால் நடுப்பார்வை பெரும்பாலும் காப்பாற்றப்படும். அதுவும் பிரிந்த பிறகு ஒட்ட வைத்தாலும் முன்போல எழுத்து படிக்க வருவது நிச்சயமில்லை. கண்ணில் வாயு இருக்கும்வரை விமானத்தில் ஏறக்கூடாது. உயரத்தில் குமிழி பெரிதாகிக் கண் அழுத்தம் ஆபத்தாக ஏறிவிடும்.

அறிகுறி: நெளிந்த ஒளிக்கோடு மெல்லப் பெரிதாகி, அரை மணியில் மறைகிறது

படித்துக்கொண்டிருக்கும்போது நடுப்பார்வைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மங்கல் விழும். ஒரு எழுத்து காணவில்லை என்று முதலில் தோன்றும். ஐந்து நிமிடத்தில் அது பிறை வடிவமாகிறது, விளிம்பில் கோணல் கோணலாக ஒளிக்கோடுகள் மினுமினுக்கின்றன, உள்ளே எதுவும் தெரிவதில்லை. அப்படியே விரிந்து விரிந்து ஓரத்துக்குப் போய், இருபது முப்பது நிமிடத்தில் கரைந்துவிடும். கண்ணை மூடினாலும் தெரியும். எந்தக் கண்ணால் பார்த்தாலும் தெரியும்.

இது மைக்ரேன் ஆரா. ஒற்றைத் தலைவலியின் முன்னோட்டமாக வருவது. தலைவலி பின்னாலேயே வரலாம், வராமலும் போகலாம். தலைவலியே இல்லாமல் ஒளிக்கோடு மட்டும் வருகிறவர்கள் நிறைய, வயது கூடக் கூட அது இன்னும் சகஜம். தலைவலி இல்லாததால் இது மைக்ரேனாக இருக்காது என்று பலர் கண்ணிலேயே தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலேய மருத்துவர் ஹியூபர்ட் ஏரி 1870-இல் தனக்கு வந்த ஆராவை நிமிட வாரியாக வண்ணத்தில் வரைந்து வெளியிட்டார். அந்தப் படங்களை இன்று பார்ப்பவர்களும் "எனக்கு வருவது இதேதான்" என்கிறார்கள். 1941-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் லாஷ்லி, தன் பார்வையில் அந்தப் பிறை நகரும் வேகத்தை அளந்து, மூளையின் பார்வைப் பகுதியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லி மீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்கிறது என்று கணக்குப் போட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1944-இல், பிரேசிலைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியோ முயல்களின் மூளையில் அப்படி ஊரும் ஒரு மின் அலையைக் கண்டார். அலையின் முன்விளிம்பில் நரம்பு செல்கள் கொந்தளிக்கின்றன, அது நெளியும் ஒளிக்கோடாகத் தெரிகிறது. பின்னால் அவை சிறிது நேரம் ஓய்ந்துபோகின்றன, அது மங்கலாகத் தெரிகிறது. வெறும் கண்ணால் பார்த்ததை வைத்துத் தன் மூளைக்குள் நடப்பதை லாஷ்லி அளந்துவிட்டார் என்பது எனக்கு இப்போதும் பிரமிப்பு.

மெல்ல வளர்வதுதான் இதன் அடையாளம். ஐந்து நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை நிற்கும். விழித்திரை இழுபடும் மின்னல் ஒரு நொடியில் முடியும், மெல்ல நகராது.

என்ன செய்வது: வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் ஓரமாக நிறுத்துங்கள். எந்திரத்தில் வேலை செய்தால் விலகி நில்லுங்கள். உட்கார்ந்து காத்திருந்தால் கடந்துவிடும். தூக்கம் கெட்டது, சாப்பாட்டு நேரம் தவறியது, மாதவிடாய், மன அழுத்தம் குறைந்த மறுநாள் என்று அவரவருக்கு ஒரு தூண்டுதல் இருக்கும்.

மருத்துவரிடம் கட்டாயம் போகவேண்டிய நேரங்கள்: இதுதான் முதல் முறை, அதுவும் ஐம்பது வயதுக்கு மேல், ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் போகவில்லை, எப்போதும் ஒரே பக்கம் மட்டுமே வருகிறது, மெல்ல வளராமல் சட்டென்று பாதிப் பார்வை காணாமல் போகிறது. கடைசியாகச் சொன்னது பக்கவாதமாக இருக்கலாம், அதற்கு அவசர சிகிச்சை.

பெண்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. ஆராவோடு கூடிய மைக்ரேன் உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையைப் பயன்படுத்தக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது, ஏனென்றால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். மாத்திரை எழுதும் மருத்துவர் கேட்காவிட்டாலும், "எனக்குக் கண்ணில் இப்படி வரும்" என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள். வேறு முறைகள் இருக்கின்றன.

அறிகுறி: வண்ண வண்ண வட்டங்கள், சில நொடிகள், திரும்பத் திரும்ப

கோணல் கோடுகள் இல்லை. சிவப்பு, பச்சை, மஞ்சள் வட்டங்கள் எப்போதும் ஒரே பக்கத்தில் தோன்றி, சில நொடிகளிலிருந்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் போய்விடுகின்றன, ஒரே நாளில் பல தடவை வருகின்றன. இப்படி இருந்தால் மூளையின் பார்வைப் பகுதியில் எழும் வலிப்பு என்ற சந்தேகம் வரவேண்டும். கை கால் வெட்டினால்தான் வலிப்பு என்பதில்லை. கண்களோ தலையோ தானாக ஒரு பக்கம் திரும்புவது, பிறகு சற்று நேரம் குழப்பமாக இருப்பது கூட இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வண்டி ஓட்ட வேண்டாம்.

அறிகுறி: எழுந்து நின்றதும் பூச்சி பறந்து, இருட்டிக்கொண்டு வருகிறது

எழுந்து நிற்கும்போது ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. இதயம் வேகமாக அடித்தும் குழாய்கள் சுருங்கியும் இரண்டு மூன்று நொடிகளில் சமாளிக்க வேண்டும். சமாளிக்கத் தாமதமானால் முதலில் பாதிக்கப்படுவது பார்வை. கண்ணுக்குள் இயல்பாகவே ஒரு அழுத்தம் இருக்கிறது, ஏறத்தாழ 15 மில்லி மீட்டர் பாதரசம். உள்ளே வரும் ரத்தம் அதையும் எதிர்த்து வரவேண்டும். அதனால் மூளை மயங்குவதற்கு முன்பே கண் இருண்டுவிடுகிறது. போர் விமானிகளுக்கு வேகமான திருப்பங்களில் நினைவு தப்புவதற்கு முன் பார்வை போவதும் இதே காரணத்தால்தான்.

இரண்டு கண்ணிலும் வரும், சில நொடிகளில் போகும், படுத்தால் உடனே சரியாகும். அடையாளம் காண்பது சுலபம். உடனடியாக உட்காருங்கள், முடியாவிட்டால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடைகளை இறுக்குங்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்த பிறகு எழுங்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குறைவாகக் குடித்தீர்களா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் இருந்ததா என்று பாருங்கள்.

அடிக்கடி வந்தால் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். மேல் அளவு 20-க்கு மேல் அல்லது கீழ் அளவு 10-க்கு மேல் இறங்கினால் காரணம் தேட வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் இதைச் செய்யும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அளவையோ நேரத்தையோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை நோய், ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறும் பின்னணியில் இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே இருட்டிக்கொண்டு வந்தால், நெஞ்சு படபடப்போடு வந்தால், இதயத்தைப் பார்க்காமல் விடக்கூடாது.

இதிலேயே கவனிக்க வேண்டிய இன்னொரு வகை உண்டு. குனிந்தாலோ எழுந்தாலோ சில நொடி பார்வை மங்குகிறது, கூடவே நாள்பட்ட தலைவலி, காதில் நாடித் துடிப்பின் "உஸ் உஸ்" சத்தம். இது தலைக்குள் அழுத்தம் கூடியதற்கான அறிகுறி. பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா என்று கண் மருத்துவர் உடனே பார்த்துச் சொல்லிவிடுவார்.

அறிகுறி: கண்ணைத் தேய்த்தால், தும்மினால், தலையில் இடித்துக்கொண்டால்

தேய்க்கும்போது தெரியும் கோலங்கள் அழுத்தத்தால் விழித்திரை தூண்டப்படுவது, தேய்ப்பதை நிறுத்தினால் நின்றுவிடும். ஆனாலும் கண்ணை அழுத்தித் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், கருவிழி கூம்பாகத் துருத்தும் நோய்க்கு அது துணைபோகிறது. பலமான தும்மல், இருமலில் ஒரு கணம் பொறி பறந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டு பொறி பறப்பது மூளையின் பின்பகுதி குலுங்கியதால். ஒரு கணத்தில் போய்விட்டால் சரி. பிறகு வாந்தி, குழப்பம், தூக்கக் கலக்கம், அதிகமாகும் தலைவலி இருந்தால் தலைக் காயமாகக் கருதி மருத்துவமனைக்குப் போகவேண்டும். கண்ணிலேயே பந்தோ முழங்கையோ பட்டிருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிபட்ட கிழிசல் வாரங்கள் கழித்தும் விலகலாக மாறக்கூடும்.

அறிகுறி: கண்ணை அசைத்தால் வலியும் மின்னலும்

வயது பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பத்தைந்து. ஒரு கண்ணில் சில நாட்களாகப் பார்வை மங்குகிறது, சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிகிறது, கண்ணைத் திருப்பினால் உள்ளே வலிக்கிறது, இருட்டில் திருப்பினால் மின்னுகிறது. பார்வை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். வீட்டிலேயே செய்யும் சோதனை: ஒரு சிவப்புப் பொருளை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு கண்ணில் அது சாயம் போனதாகத் தெரிந்தால் ஓரிரு நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்வை பெரும்பாலும் திரும்பி வரும். ஆனால் மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களின் முதல் தடயமாக இது இருக்கக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

அறிகுறி: கர்ப்ப காலத்தில் மின்னல்

இருபது வாரத்துக்குப் பிறகு, ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், கண்ணில் மின்னல், விடாத தலைவலி, வலது பக்க மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென வீங்குவது. இவை பிரீஎக்ளாம்ப்சியாவின் அறிகுறிகள். அடுத்தது வலிப்பாக இருக்கலாம், தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. எல்லா அறிகுறிகளும் சேரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குழந்தை பிறந்து ஆறு வாரம் வரைக்கும்கூட இது வரலாம், அந்த நாட்களில் "தூக்கமில்லாத களைப்பு" என்று வீட்டில் இருப்பவர்கள் ஒதுக்கிவிடுவதுதான் எனக்குக் கவலை. ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். 160/110-ஐத் தொட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

அறிகுறி: புது மருந்து அல்லது கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு

இதயத் துடிப்பைக் குறைக்கும் ஐவாபிரடின் மாத்திரை எடுப்பவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கு, வெளிச்சம் சட்டென்று மாறும்போது பார்வையின் ஒரு பகுதி பளிச்சென்று மின்னும். இதய செல்களில் அது அடைக்கும் மின்னூட்ட வழிகளுக்கு உறவான வழிகள் விழித்திரையிலும் இருப்பதே காரணம். பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களில் தொடங்கும், கண்ணுக்குச் சேதம் இல்லை, இரவில் வண்டி ஓட்டுவதில் மட்டும் எச்சரிக்கை. டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவருக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்து, விளக்குகளைச் சுற்றி வளையம் வந்து, மினுமினுத்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிட்டது என்று அர்த்தம், அன்றே சொல்லவேண்டும்.

கண்புரை அறுவைக்குப் பிறகு ஓரத்தில் பிறை வடிவில் ஒளி தெரிந்தால், பொருத்திய லென்ஸின் விளிம்பில் வெளி வெளிச்சம் பட்டுச் சிதறுவதாக இருக்கலாம். இருட்டறையில் அது மறைந்துவிடும். இழுபடும் விழித்திரையின் மின்னல் இருட்டில்தான் நன்றாகத் தெரியும். ஆனால் கண்புரை அறுவைக்குப் பிறகு விழித்திரை விலகும் வாய்ப்பும் கூடுகிறது, எனவே லென்ஸ்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி: பார்வை குறைந்தவருக்கு ஒளியும் உருவங்களும்

மாக்குலா சிதைவு, கண் அழுத்த நோய் ஆகியவற்றால் பார்வை வெகுவாகக் குறைந்தவர்களுக்கு மின்னல்கள், வலைப் பின்னல்கள், சில சமயம் முகங்களும் மனிதர்களும்கூடத் தெரியலாம். சுவிட்சர்லாந்தின் சார்ல்ஸ் போனே 1760-இல் தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை எழுதினார். கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளையின் பார்வைப் பகுதி தானாக இயங்குகிறது. மனநிலை பிறழ்ந்துவிட்டது என்று வீட்டார் நினைப்பார்களோ என்ற பயத்தில் பெரியவர்கள் இதை வெளியே சொல்வதில்லை. நீங்களே கேளுங்கள், "இல்லாதது ஏதாவது கண்ணுக்குத் தெரிகிறதா?" என்று. இப்படி நடப்பதுண்டு என்று தெரிந்தாலே பலருக்குப் பாதிப் பயம் போய்விடும். மாக்குலா சிதைவு உள்ளவருக்கு மின்னல் புதிதாகத் தொடங்கி, நேர்கோடுகள் வளைந்து தெரிந்தால் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம், அதற்கு ஊசி மருந்து இருக்கிறது, தாமதிக்கக் கூடாது.

கவலைப்படத் தேவையில்லாதவை

தெளிந்த நீல வானத்தைப் பார்க்கும்போது சிறு ஒளிப்புள்ளிகள் வளைந்து நெளிந்து துள்ளி ஓடுகின்றனவா? அவை விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடும் உங்கள் வெள்ளை அணுக்கள். சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சும், வெள்ளை அணுக்கள் விட்டுவிடும், அதனால் அவை போகும் இடம் ஒளிர்கிறது. நாடித் துடிப்போடு சேர்ந்து வேகம் மாறுவதையும் கவனிக்கலாம். பார்வையின் மிகச் சரியான நடுவில் தெரியாது, அங்கே ரத்தக் குழாயே இல்லை. ஜெர்மன் கண் மருத்துவர் ஷீரர் 1924-இல் இதைப் பற்றி எழுதினார். எல்லோருக்கும் தெரியக்கூடியது, பயமில்லாமல் ரசிக்கலாம்.

தூக்கம் கவியும் நேரத்தில் ஒரு பளிச், சில சமயம் தலைக்குள் வெடிச் சத்தத்தோடு: விழிப்பிலிருந்து தூக்கத்துக்கு மாறும்போது மூளையில் நடப்பது, தீங்கில்லை.

1969-இல் அப்போலோ 11-இல் போன பஸ் ஆல்ட்ரின் இருட்டில் ஒளிப்பொறிகள் தெரிந்ததாகச் சொன்னார். அண்டக் கதிர்த் துகள்கள் கண்ணை ஊடுருவியதே காரணம் என்று தெரிந்து, அப்போலோ 16, 17 பயணங்களில் இதற்கென்றே ஒரு தலைக்கவசக் கருவியை அணிந்து சோதித்தார்கள். தலைப்பகுதிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெறுபவர்கள் சிலர் சிகிச்சையின்போது நீல ஒளி பார்ப்பதும் இதற்கு நெருங்கிய சங்கதி.

மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோக வேண்டியது

மின்னல் மறைந்த உடனே எழுதி வைத்துவிடுங்கள், மறுநாள் நினைவு மாறிப்போகும். தொடங்கிய நாள், ஒரு தடவை நின்ற நேரம், பார்வையின் எந்தப் பக்கம், ஒவ்வொரு கண்ணையும் மூடிப் பார்த்தபோது தெரிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கூட வந்தவை. ஒரு வட்டம் போட்டு அதற்குள் வெளிச்சத்தின் வடிவத்தை வரைந்தால் பத்து வாக்கியத்தைவிட அது உதவும். கிட்டப்பார்வையின் பவர், முன்பு செய்த கண் அறுவை, கண்ணில் பட்ட அடி, குடும்பத்தில் யாருக்காவது விழித்திரை விலகியிருக்கிறதா, சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

பரிசோதனை அறையில் கேட்க வேண்டியவை இரண்டு: "பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்த்தீர்களா?", "எப்போது மறுபடி வரவேண்டும்?" முன்பதிவு செய்யும்போது "கண் பரிசோதனை" என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். "புதிதாக மின்னல் தெரிகிறது" என்ற வார்த்தைகளையே சொல்லுங்கள்.